வீட்டு வேலைச் சம்பளம்: கையில் கொடுப்பதா, கணக்கில் போடுவதா?

சென்னை அடுக்குமாடி வீடுகளில் சில வருடங்களாக ஒரு பழக்கம் மாறிக்கொண்டு வருகிறது. பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க, சமைக்க வரும் பெண்களுக்கு மாதம் பிறந்ததும் கையில் எண்ணிக் கொடுத்த சம்பளம் இப்போது போன் வழியாகப் போகிறது. ஏன் என்று கேட்டால், "இப்பல்லாம் யார் கையில கேஷ் வெச்சிருக்காங்க?" என்கிறார்கள். அது கொடுப்பவரின் வசதி. வாங்குகிறவருக்கு எது நல்லது என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி.

கொடுப்பவர் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டு வேலைக்குத் தரும் சம்பளத்தை நம் வருமான வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை. அதனால் வங்கி வழியாகப் போட்டால் வரியில் லாபமும் இல்லை, ரொக்கமாகக் கொடுத்தால் நஷ்டமும் இல்லை. ஏடிஎம் வாசலுக்குப் போவதா, சோபாவில் உட்கார்ந்தபடியே அனுப்புவதா என்பதுதான் நமக்குள்ள வித்தியாசம். அந்தப் பெண்ணுக்கோ இதில் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

ரொக்கத்தின் பலம்

கையில் வாங்கிய பணம் அந்த நிமிடமே அவருடையது. பெரும்பாக்கத்திலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ அடையாறு, பெசன்ட் நகர் வரை வந்து மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஒருவரின் முதல் வாரத்தை யோசித்துப் பாருங்கள். மளிகைக் கடை பாக்கி, சீட்டுப் பணம், மகளிர் குழுத் தவணை, பிள்ளையின் டியூஷன் என்று எல்லாம் அந்த வாரத்தில்தான் வந்து நிற்கும். இதில் பாதி, ரொக்கமாகவே கொடுக்க வேண்டியது. கையில் பணம் இருந்தால் வீடு போகும் வழியிலேயே கடன்களை அடைத்துவிட்டுப் போகலாம். எடுக்கக் கட்டணம் இல்லை, சர்வர் வேலை செய்யவில்லை என்ற பேச்சு இல்லை.

இன்னொரு பலம், வெளியே அதிகம் பேசப்படாதது: ரகசியம். எந்த வீட்டில் எவ்வளவு தருகிறார்கள், இந்த மாதம் கூடுதலாக ஐந்நூறு வந்ததா என்பது கணவருக்குத் தெரியாமல் இருப்பது பல பெண்களுக்கு அவசியம். குடிக்கிற கணவர் இருக்கும் வீட்டில் அந்த ஐந்நூறுதான் பிள்ளையின் நோட்டுப் புத்தகம். அதே நேரம், ஒன்றாம் தேதி கையில் பணம் வரும் என்பதும் அந்தக் கணவருக்குத் தெரியும். வாசலிலேயே காத்திருந்து பிடுங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. ஆகவே ரகசியம் என்ற கணக்கில் ரொக்கம் முழு மதிப்பெண் வாங்குவதில்லை.

ரொக்கத்தின் பெரிய பலவீனம், கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் தடயமே இல்லாமல் போவது. "சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கோங்க" என்று ஐந்தாம் தேதி வரை இழுப்பது, லீவு நாள் கணக்கில் இருநூறு முந்நூறு குறைப்பது எல்லாம் ரொக்கத்தில் சுலபம். அட்வான்ஸ் விஷயம் இன்னும் மோசம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் ஐயாயிரம் வாங்கியிருப்பார். மாதம் ஐந்நூறு பிடிப்பதாகப் பேச்சு. பொங்கல் நெருங்கும்போது எத்தனை மாதம் பிடித்தோம் என்பதில் இரண்டு பேர் நினைவும் ஒத்துப்போகாது. அப்போது வீட்டுக்காரர் சொல்வதுதான் கணக்காக நிற்கிறது. வேலை வேண்டுமே என்று அந்தப் பெண் பேசாமல் இருந்துவிடுகிறார். நல்லவர்கள் வீட்டிலும் இது நடக்கிறது, யாரும் ஏமாற்ற நினைக்காமலேயே நடக்கிறது.

பதிவு எங்கே கைகொடுக்கும்?

வங்கி வழியாகச் சம்பளம் வந்தால் லோன் கிடைக்கும் என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவர்கள் கடன் வாங்குவது பெரும்பாலும் நகையை வைத்து, அல்லது குழு மூலம். இரண்டுக்கும் சம்பளப் பதிவு தேவைப்படுவதில்லை.

பதிவு நிஜமாகவே கைகொடுக்கும் இடம் வேறு. சாலை விபத்து. விடியற்காலையில் பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி, பெரிய சாலைகளைக் குறுக்கே கடந்து வேலைக்கு வருகிறவர்கள் இவர்கள். விபத்தில் ஒருவர் இறந்துபோனால், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் அவருடைய மாத வருமானத்தை வைத்துத்தான் இழப்பீட்டைக் கணக்கிடும். வருமானத்துக்கு ஆதாரம் இல்லையென்றால் தீர்ப்பாயமே ஒரு தொகையை உத்தேசமாக எடுத்துக்கொள்ளும்.

கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். 38 வயதுப் பெண், மூன்று வீடுகளில் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வையுங்கள். ஆதாரம் இல்லாததால் 9,000 என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. வித்தியாசம் மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. அவரை நம்பி இரண்டு அல்லது மூன்று பேர் இருந்தால், சொந்தச் செலவுக்கு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், மீதி 24,000. சரளா வர்மா வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரை இந்த வருட இழப்பைப் பெருக்கும் எண் 15. ஆக 3,60,000 ரூபாய் வித்தியாசம். எதிர்கால வருமான உயர்வுக்கென்று சேர்ப்பது இதற்கு மேல். பாஸ்புக்கில் மாதாமாதம் மூன்று வீடுகளிலிருந்து வந்த வரவு இருந்து, அந்த வீட்டுக்காரர்களும் வந்து சாட்சி சொன்னால், அந்தக் குடும்பம் அந்தத் தொகையைக் கேட்க முடியும். எனக்கு வங்கி வழி முக்கியமாகப் படுவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணத்தை 2020 மார்ச் மாதம் காட்டியது. ஊரடங்கு அறிவித்த மறுநாளிலிருந்து அடுக்ககங்களின் கேட் இவர்களுக்கு மூடிக்கொண்டது. சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்று நினைத்த வீடுகள்கூட, கணக்கு எண் தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்று திகைத்தன. ஏற்கனவே கணக்கில் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. ஊரடங்கு இல்லாவிட்டாலும், மகளைப் பார்க்க மூன்று மாதம் அமெரிக்கா போகிற பெற்றோர் எத்தனை பேர்? அந்த மூன்று மாதமும் இந்தப் பெண்ணுக்கு வயிறு இருக்கிறது. பாதிச் சம்பளமாவது மாதாமாதம் போய்ச் சேர வங்கி வழிதான் தோது.

யாருடைய கணக்கு?

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஜீபேவுக்கு மாறிவிடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். "அனுப்பிட்டேன்" என்று நாம் சொல்லும்போது பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். "பையன் நம்பருக்கே போட்டுடுங்கம்மா" என்று சொல்கிற பெண்கள் ஏராளம். அவரிடம் பட்டன் போன் இருக்கும். ஸ்மார்ட் போன் பையனிடம் இருக்கும். சில வீடுகளில் பையன் தங்கமானவன், வாங்கியதும் எடுத்துக் கொடுத்துவிடுவான். சில வீடுகளில் அம்மா பத்தாம் தேதி வரை கேட்டுக்கொண்டே இருப்பார். கணக்கு அவர் பெயரில் இருந்தும் ஏடிஎம் கார்டு கணவரின் சட்டைப் பையில் இருந்தால் அதுவும் அதே கதைதான்.

கணக்கு, கார்டு, பின் நம்பர், எஸ்எம்எஸ் வரும் போன் ஆகிய நாலும் அவர் கையில் இருந்தால்தான் அது அவருக்குக் கொடுத்த சம்பளம். இல்லையென்றால் ரொக்கமே மேல். இதைத் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். பையன் வண்டியில் கூட்டிப்போக வந்து நிற்கும்போது கேட்டால் சரியான பதில் வராது.

பெரும்பாலானவர்களுக்கு இப்போது கணக்கு இருக்கிறது. 2014-இல் தொடங்கிய ஜன்தன் வங்கிக் கணக்குத் திட்டம் ஒரு காரணம். 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இன்னொரு காரணம். ஆனால் கணக்கு இருப்பது வேறு, அது ஓடுவது வேறு. பத்து வருடம் முன்பு திறந்த கணக்குகளுக்கு மறுபடி கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, கேட்கிறார்கள். கணக்கோடு இணைத்த பழைய சிம் ரீசார்ஜ் செய்யாமல் போயிருக்கும். இதைச் சரிசெய்ய வங்கிக்குப் போக வேண்டும். வங்கி பத்து மணிக்குத் திறக்கும். அது இவர் இரண்டாவது வீட்டில் நிற்கும் நேரம். ஒரு கேஒய்சிக்கு அரை நாள் வேலை போகும். கணக்கில் போடுகிறேன் என்று சொல்கிறவர், அந்த அரை நாளைச் சம்பளத்தோடு கொடுப்பதுதான் நியாயம்.

எடுப்பதிலும் செலவு உண்டு. பெருநகரங்களில் அடுத்த வங்கி ஏடிஎம்மில் மாதம் மூன்று முறைதான் இலவசம், சொந்த வங்கியில் ஐந்து. அதற்கு மேல் எடுத்தால், 2025 மே முதல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். பாதுகாப்புக்காக ஆயிரம் ஆயிரமாக எடுக்கிறவருக்கு இது சுமை. விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி தெருவுக்குத் தெரு வந்திருக்கிறது, தபால்காரரே வீட்டு வாசலில் எடுத்துக் கொடுக்கிறார். ஆனால் வருடக்கணக்காகப் பாத்திர சோப்பிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடை மெஷினில் நாலு முறை அழுத்தியும் பதியாமல் திரும்புகிறவர்களுக்கு இங்கேயும் அதே பாடுதான். நம் வீட்டு வேலையால் தேய்ந்த விரல் அது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தவணை விஷயமும் பார்க்க வேண்டியது. போன், வண்டி, கடன் என்று ஏதாவது ஒரு இஎம்ஐ அந்தக் கணக்கோடு கட்டப்பட்டிருந்தால், சம்பளம் விழுந்ததும் அது இழுத்துக்கொள்ளும். முந்தைய மாதம் பணமில்லாமல் திரும்பிய தவணைக்கான அபராதமும் சேர்ந்து போகும். அப்படிப்பட்ட மாதத்தில், "இந்தத் தடவை கையில கொடுங்கம்மா" என்று அவர் கேட்டால், காரணம் கேட்காமல் கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் ஒரு பயம். "அக்கவுண்ட்ல சம்பளம் வந்தா அந்த ஆயிரம் ரூபா நின்னுடும்னு சொல்றாங்க." இதை அறியாமை என்று தள்ள முடியாது. உரிமைத் தொகைக்கான வரம்பு, குடும்ப வருமானம் வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. மாதம் 12,000 என்றால் இவருடையது 1.44 லட்சம்; தனியாக இது வரம்புக்குள்தான். கணவருக்கும் நிரந்தர வருமானம் இருந்தால் கூட்டுத்தொகை எல்லையைத் தொடும். இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுவதே சரி. நாம் வற்புறுத்த வேண்டிய இடம் இதுவல்ல.

வங்கிப் பக்கம் இன்னொன்றும் இருக்கிறது, அது தொகையில் சின்னது, பயனில் பெரியது. வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு. இந்த இரண்டு மத்திய அரசுத் திட்டங்களும் வங்கிக் கணக்கிலிருந்து மே மாதக் கடைசியில் தானாகப் பிடிக்கப்படும். அந்த நேரத்தில் கணக்கில் 456 ரூபாய் இல்லாமல்தான் பலருக்கு இது நின்றுபோகிறது. மே மாதத்தில் கொடுக்கும் சம்பளத்தை மட்டுமாவது கணக்கில் போட்டு, "ஐந்நூறை எடுக்காதீங்க" என்று சொல்லலாம். அந்த 456-ஐ நாமே போட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எப்படிச் செய்யலாம்

நான் சாய்வது வங்கிப் பக்கம்தான். ஆனால் முழுச் சம்பளமும் அப்படியே என்று இல்லை. பேசிய மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி, அவரே இயக்கும் கணக்கில், ஒன்றாம் தேதி காலையில். முதல் வாரக் கடன்களுக்கு அவர் கேட்கும் அளவு கையில். அட்வான்ஸ் எப்போதும் கையில்தான், ஏனென்றால் அவசரம் என்று கேட்கிறவரை ஏடிஎம் வரிசைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பும்போது குறிப்பு இடத்தில் "ஜூன் சம்பளம்" என்று எழுதுங்கள். வெறும் எண்ணாக விழுந்த பணம் கடனா, சம்பளமா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. அனுப்பியதும் வந்துவிட்டதா என்று நாமே கேட்டு, அவர் போனில் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துத் தொகையைப் படித்துச் சொல்ல வேண்டும். அது ஆங்கிலத்தில்தான் வந்திருக்கும்.

இரண்டு வழியில் கொடுத்தாலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். தேதி, கொடுத்தது, பிடித்தது, பாக்கி. தமிழில் எழுதி, அவர் கையெழுத்தும் நம் கையெழுத்தும். நோட்டு அவரிடம் இருக்கட்டும். நம்மிடம் அதன் போட்டோ போதும். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-இலிருந்து தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு ஆகியவற்றுக்கு உதவித் தொகை, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று அதில் பதிந்தவர்களுக்குக் கிடைக்கும். பதிவதற்கு இவர் இந்த வேலை செய்கிறார் என்று ஒரு சான்று வேண்டும். நோட்டில் மாதாமாதம் கையெழுத்துப் போட்ட வீட்டுக்காரர், அந்தச் சான்றில் கையெழுத்துப் போடத் தயங்க வேண்டியதில்லை.

தீபாவளி போனஸ் மட்டும் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே. ஒரு மாதச் சம்பளம், முழுசாக, கையில், பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால். தி. நகரிலும் வண்ணாரப்பேட்டையிலும் கூட்டம் நெரிவதற்குள் அவர் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கட்டும்.