ஸ்காடாவா, பேஸர் அளவியா, களத்திலேயே கட்டுப்பாடா? மின்கட்டமைப்பை மேற்பார்வையிடும் மூன்று வழிகள்

பெரிய மின்கட்டமைப்பு ஒன்றைக் கண்காணித்து இயக்குவதற்கு இன்று மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. துணைமின் நிலையங்களின் அளவுகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை திரட்டி, அவற்றைக் கணினி மாதிரியோடு பொருத்திப் பார்த்து முடிவெடுக்கும் ஸ்காடாவும் அதன்மேல் அமைந்த ஆற்றல் மேலாண்மை அமைப்பும் முதல் வழி. செயற்கைக்கோள் நேரத்தோடு இணைந்து நொடிக்குப் பலமுறை அளக்கும் பேஸர் அளவிகளை நம்பியிருப்பது இரண்டாவது வழி. முடிவெடுக்கும் வேலையில் பெரும்பகுதியை மையத்திடமிருந்து எடுத்து, சூரிய, காற்றாலை மின்சாரத்தைக் கட்டமைப்புக்கேற்ப மாற்றித் தரும் இன்வெர்ட்டர்களிடமும் பேட்டரிகளிடமும், தனித்தும் இயங்கக்கூடிய சிறு கட்டமைப்புகளான மைக்ரோகிரிட்களின் கட்டுப்பாட்டுக் கருவிகளிடமும் ஒப்படைப்பது மூன்றாவது. இவற்றைப் பெரும்பாலும் வேகத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். அந்த அளவுகோல் போதாது என்பது என் உறுதியான கருத்து. திரையில் தெரியும் படம் உண்மை நிலையோடு ஒத்துப்போகவில்லை என்பதை ஆபரேட்டருக்கு எந்த அமைப்பு உரிய நேரத்தில் தெரிவிக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்காடாவின் அடிப்படை எளிது. ஒவ்வொரு துணைமின் நிலையத்திலும் உள்ள ஆர்.டி.யூ. எனும் கருவி, மின்னழுத்தம், மெகாவாட், மெகாவார் (மின்னழுத்தத்தைத் தாங்கும் எதிர்வினைத் திறனின் அலகு) ஆகிய அளவுகளையும், பாதையை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் ஒவ்வொரு பிரேக்கரும் திறந்திருக்கிறதா (துண்டித்த நிலை) மூடியிருக்கிறதா (இணைத்த நிலை) என்பதையும் மையத்துக்கு அனுப்புகிறது. மையத்தின் கணினி பொதுவாக 2 முதல் 4 நொடிக்கு ஒருமுறை இவற்றை வாங்கிக்கொள்கிறது. ஏறத்தாழ அதே வேகத்தில், ஏ.ஜி.சி. எனும் தானியங்கி உற்பத்திக் கட்டுப்பாடு மின்நிலையங்களின் உற்பத்தியைக் கூட்டவும் குறைக்கவும் கட்டளையிட்டு, அதிர்வெண்ணையும் அண்டைப் பகுதிகளுடனான திறன் பரிமாற்றத்தையும் நிலைநிறுத்துகிறது. ஆனால் இந்த அமைப்பின் தனிச்சிறப்பு, எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஃபிரெட் ஷ்வெப்பி 1970-இல் முன்வைத்த நிலை மதிப்பீட்டில்தான் இருக்கிறது. கட்டமைப்பின் நிலையைக் கணிக்கத் தேவையானதைவிடக் கூடுதலான அளவுகளை வாங்கி, அவை எல்லாவற்றோடும் மிகக் குறைவாக முரண்படும் நிலையைக் கணக்கிடுவதே அதன் முறை. ஒரு மின்பாதையின் ஒரு முனையில் 300 மெகாவாட் என்றும் மறுமுனையில் 220 மெகாவாட் என்றும் தகவல் வந்ததாக வைத்துக்கொள்வோம். அந்தப் பாதையில் 80 மெகாவாட் இழப்புக்கு வழியில்லை என்பதும், அண்டை நிலையங்களின் அளவுகள் 300-ஐயே ஆதரிக்கின்றன என்பதும் கணக்கிலேயே வெளிப்பட்டுவிடும். மறுமுனையின் அளவி பழுது என்று அமைப்பே சுட்டிக்காட்டும். இப்படிச் சரிபார்த்த நிலையின் மேல்தான், அடுத்து எந்தப் பாதை அல்லது எந்த ஜெனரேட்டர் விழுந்தால், அதாவது திடீரென இணைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டால், என்ன ஆகும் என்று முன்கூட்டிப் பார்க்கும் ஆய்வு ஓடுகிறது. இந்த முன்னாய்வை வேறு எந்த வழியும் இவ்வளவு முழுமையாகத் தருவதில்லை.

இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எந்தப் பாதை இணைப்பில் இருக்கிறது, எது துண்டிக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் பிழையானால், அளவிகள் அத்தனையும் சரியாக இருந்தும் கணக்கு பொருந்தாது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். அன்று நண்பகலுக்குச் சற்றுப் பின், அப்பகுதிக் கட்டமைப்பை மேற்பார்வையிட்ட மிட்வெஸ்ட் ஐ.எஸ்.ஓ. மையத்தில் நிலை மதிப்பீடு விடை காணாமல் நின்றது. துண்டிக்கப்பட்டிருந்த ஒரு பாதையின் நிலை கணினி மாதிரிக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. பழுதைத் தேடிய பகுப்பாய்வாளர், 5 நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணக்கைத் தானாக ஓட்டும் அமைப்பை நிறுத்திவிட்டு, பாதையின் நிலையைத் திருத்தி, விடை வருவதைப் பார்த்தபின் மதிய உணவுக்குச் சென்றார். நிறுத்தியதை மீண்டும் இயக்கிவிட மறந்துபோனார். அது கவனத்துக்கு வந்தபோது பிற்பகல் 2:40 ஆகியிருந்தது. மறுபடி ஓட்டியபோதும் கணக்கு பொருந்தவில்லை. 2:02-க்கு விழுந்திருந்த ஸ்டூவர்ட்–அட்லான்டா 345 கிலோவோல்ட் பாதையை மாதிரி இன்னும் இணைப்பில் இருப்பதாகவே எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாம் சீரானது 4:04-க்கு. ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் தொடர்சரிவு தொடங்கிவிட்டது. இதற்கிடையில் ஒஹாயோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் எச்சரிக்கை மென்பொருள் 2:14 முதல் செயலிழந்திருந்தது. எச்சரிக்கை எதுவும் வராததால் நிலைமை இயல்பாகவே இருப்பதாக ஆபரேட்டர்கள் எண்ணியிருக்க, மூன்று 345 கிலோவோல்ட் பாதைகள் மரங்களில் பட்டு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

இந்த நிகழ்வை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. அன்று 4 நொடிக்குப் பதிலாக அரை நொடியில் அளவுகள் வந்திருந்தாலும், அறுந்துபோன அந்த இரண்டு கண்ணிகளையும் அவை இணைத்திருக்க மாட்டா. நிலை மதிப்பீடு கடைசியாக எப்போது விடை கண்டது என்பதைப் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு கட்டமும், எச்சரிக்கை மென்பொருள் உயிரோடு இருக்கிறதா என்று தனியே கண்காணிக்கும் ஒரு சிறு நிரலும், புதிய உயர்வேக அளவிகளைவிட அங்கே அதிகம் பயன்பட்டிருக்கும்.

பேஸர் அளவியின் வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. 1988-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் அருண் ஃபட்கேவும் ஜேம்ஸ் தோர்ப்பும் முன்மாதிரியாகக் கொண்டுவந்த இந்தக் கருவி, மின்னழுத்தத்தின் அளவோடு அதன் கோணத்தையும் (மின்னழுத்த அலை அந்தக் கணத்தில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை) அளந்து, ஜி.பி.எஸ். நேரமுத்திரையோடு அனுப்புகிறது. 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் நொடிக்கு 25 அல்லது 50 முறை அனுப்புவது வழக்கம். ஸ்காடாவில் வெவ்வேறு நிலையங்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று சில நொடி முன்பின்னாக இருக்கும் என்பதால் கோணத்தை நேரடியாக ஒப்பிட இயலாது. அதை மாதிரியின் வழியே கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். இரண்டு நிலையங்களுக்கிடையே பாயும் திறனோ அவற்றின் கோண வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே அந்த வேறுபாடு விரிவதைப் பார்ப்பது, கட்டமைப்பின் மேல் ஏறும் அழுத்தத்தை நேரே பார்ப்பதாகும். 2011 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் தென்மேற்கில் ஹசயாம்பா–நார்த் கிலா 500 கிலோவோல்ட் பாதை விழுந்தபோது, சில நிமிடங்களில் அதை மீண்டும் இணைத்துவிடலாம் என்று ஆபரேட்டர்கள் நம்பினார்கள். இரு முனைகளுக்கிடையே கோணம் இணைக்க முடியாத அளவுக்கு விரிந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. 11 நிமிடங்களில் சரிவு பரவி, சுமார் 27 லட்சம் நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள். அந்த ஒற்றை எண் திரையில் இருந்திருந்தால், பாதை உடனே திரும்பாது என்று தெரிந்துகொண்டு உற்பத்தியை மாற்றியமைக்கும் வேலையை அவர்கள் தொடங்கியிருக்கலாம்.

திறனும் மின்னழுத்தமும் ஊசலாடும் அலைவுகளின் விஷயத்தில் இந்த இரண்டு வழிகளுக்கும் போட்டியே இல்லை. 1996 ஆகஸ்ட் 10 அன்று மேற்கு அமெரிக்கக் கட்டமைப்பைப் பிளந்த அலைவு ஏறத்தாழ 0.25 ஹெர்ட்ஸ், அதாவது 4 நொடிக்கு ஒரு முழு அலை. 4 நொடிக்கு ஒருமுறை வாசிக்கும் ஸ்காடா, ஒவ்வொரு அலையிலும் கிட்டத்தட்ட அதே புள்ளியைத்தான் பார்க்கும். வளர்ந்துகொண்டே போகும் ஊசலாட்டம் திரையில் ஏறத்தாழ நேர்க்கோடாகத் தெரியக்கூடும். பின்னர் அதே நிகழ்வை அன்றைய கணினி மாதிரிகளில் ஓட்டியபோது அலைவு தானே அடங்குவதாக விடை வந்தது. களத்துப் பதிவுகளோ அது பெருகியதைக் காட்டின. மாதிரியையே சோதிக்கும் சான்று பேஸர் அளவியிடமிருந்து கிடைக்கிறது என்பதால்தான் நான் அதை மதிக்கிறேன்.

ஆயினும் பேஸர் அளவி ஸ்காடாவின் இடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்வதை ஏற்க இயலவில்லை. கட்டமைப்பு முழுவதையும் அவற்றைக் கொண்டே பார்க்க வேண்டுமானால், எல்லா நிலையங்களிலும் வைக்கத் தேவையில்லை, சுமார் மூன்றில் ஒரு பங்கு நிலையங்கள் போதும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது நிலை மதிப்பீடு திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டாத நேரியல் கணக்காகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கணக்குக்கும் பிரேக்கர்களின் சரியான நிலை வேண்டும்; 2003-இல் அறுந்த கண்ணிகளில் ஒன்று அதுதான். மேலும் எல்லாம் நேரத்தின் மேல் நிற்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடிப் பிழை 18 பாகைக் கோணப் பிழையாக மாறும். ஜி.பி.எஸ். குறிப்பலை தடுக்கப்பட்டாலோ ஏமாற்றப்பட்டாலோ, துல்லியமாகத் தோன்றும் பொய் எண்கள் நொடிக்கு 50 முறை வந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது வழியை வேகத்துக்காகவே ஏற்கலாம். பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலே சில பத்து மில்லிநொடிகளில் முடிவெடுக்கிறது. இன்வெர்ட்டரும் அதே அளவு விரைவில் தன் வெளியீட்டை மாற்றுகிறது. மையத்தின் கட்டளை அந்த நேரத்தில் வந்து சேராது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கியபோது, மின்னழுத்தம் ஏற, உற்பத்தி நிலையங்கள் விழ, அதனால் மின்னழுத்தம் மேலும் ஏற, எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்கு முன்பான அரை மணி நேரத்தில் இரண்டு அலைவுகள் தெளிவாகக் காணப்பட்டு, அடக்கவும்பட்டன. ஆகவே பார்ப்பதற்கான கருவிகள் அங்கே குறைவில்லை. அங்கிருந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிலையங்களில் பலவும் நிலையான திறன் காரணியில் (மெகாவாட்டுக்கும் மெகாவாருக்கும் மாறாத விகிதத்தில்) ஓடியதால், ஏறும் மின்னழுத்தத்துக்கு எதிராக மெகாவாரை உறிஞ்சவில்லை. அந்த வேலையைக் களத்துக் கருவிகள் தாமாகவே செய்தாக வேண்டும்.

மையத்தை ஒரே நம்பிக்கையாக வைப்பதில் உள்ள ஆபத்தை 2015 டிசம்பர் 23 காட்டியது. உக்ரைனில் மூன்று விநியோக நிறுவனங்களின் கட்டுப்பாட்டுத் திரைகளுக்குள் ஊடுருவியவர்கள் பிரேக்கர்களைத் திறந்துவிட, சுமார் 2,25,000 நுகர்வோர் மின்சாரம் இழந்தார்கள். பணியாளர்கள் துணைமின் நிலையங்களுக்கே சென்று கையால் இயக்கி, சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள். களத்தில் தனித்து இயங்கும் திறனைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான கருவிகள் தத்தம் முனையில் தெரியும் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்துத் திருத்தும்போது, ஒன்றின் திருத்தம் மற்றொன்றைத் தூண்டி ஊசலாட்டமாகும் வாய்ப்பும் உண்டு. அவற்றின் அமைப்பு அளவுகளை முழுக் கட்டமைப்பையும் பார்த்துத் தீர்மானிக்கும் இடம் மையமாகவே இருக்கும்.

வரம்புக்குட்பட்ட பணத்தைக் கொண்டு ஒன்றைத் தொடங்க வேண்டுமானால், பிரேக்கர் நிலைத் தகவலையும் நிலை மதிப்பீட்டையும் சீர்செய்வதைத்தான் நான் முதலில் எடுப்பேன், அண்டை மையங்களின் பாதைகளையும் மாதிரிக்குள் கொண்டுவருவது உட்பட. அடுத்து, பகுதிகளை இணைக்கும் நீண்ட பாதைகளின் இரு முனைகளிலும் பெரிய மின்நிலையங்களிலும் பேஸர் அளவிகளை வைப்பேன். கோணமும் அலைவும் அங்கேதான் பேசுகின்றன. களத்துக் கட்டுப்பாட்டுக்கு வரிசையில் காத்திருக்கும் நிலை இல்லை. புதிய இன்வெர்ட்டர் நிலையம் ஒவ்வொன்றையும் இணைக்கும்போதே, மையத்தோடு தொடர்பு அறுந்தால் அது எந்த மின்னழுத்த, அதிர்வெண் விதிப்படி தொடர்ந்து இயங்கும் என்பதை எழுதி, சோதித்து, அதன்பின்பே இணைப்பைக் கொடுக்க வேண்டும்.