மனம் களைத்த மாலையில் தோட்டமா, புத்தகமா?

இரண்டுமே மனதை ஆற்றும்தான். நெதர்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், செடி வளர்க்கும் 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். அப்புறம் ஒரு பிரிவினர் 30 நிமிடம் தோட்டவேலை செய்தார்கள்; மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து வாசித்தார்கள். மன அழுத்தத்தில் உடலில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோன் இரு தரப்பிலும் குறைந்தது, தோட்டத்தில் கூடுதலாக. உற்சாகமோ தோட்டத்தில் முழுதாகத் திரும்பியது; வாசித்தவர்களுக்கு இன்னும் சரிந்தது. (அந்த 30 பேருமே ஏற்கெனவே செடிப் பிரியர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கவலையில் வாசித்தால் ஒரே பத்தியைக் கண் நான்கு முறை மேயும். களை பிடுங்கும்போது அப்படியில்லை. வேர் அறுந்துவிடாமல் இழுக்கும் கவனத்தில் கவலைக்கு இடமில்லை. வெளிச்சமும் உடலசைவும் வேறு கிடைக்கும். சரி, மழை நாளிலும் முதுகுவலியிலும் என் ஓட்டு புத்தகத்துக்கே.