முன் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்: கிட் போதுமா, புதிது வேண்டுமா?

முன் டிஸ்க் பிரேக் லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்போதே அது மெல்லக் கைப்பிடியை நோக்கி இறங்குகிறது. வெளியே எங்கும் கசிவு இல்லை. என் பழைய இருசக்கர வண்டியில் வந்த கோளாறு இதுதான். லீவர் தொளதொளவென்று இருந்து, சில முறை அடித்ததும் இறுகினால் பெரும்பாலும் குழாயில் காற்று இருக்கும். அதை வெளியேற்றினால் தீரும். பிடித்த பிடியிலேயே இறங்கினால், லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டனின் ரப்பர் கப் ஆயிலைப் பின்னால் விடுகிறது.

கப், பிஸ்டன், ஸ்பிரிங் அடங்கிய கிட் போடலாம். முழு சிலிண்டரையும் மாற்றலாம். நான் கிட் போட்டேன், இன்றும் அதன் பக்கமே நிற்கிறேன். விலை குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆனால் முடிவு சிலிண்டரின் உள்சுவரில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நெடுநாள் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் அலுமினியச் சுவரை அரித்துக் குழி பறிக்கும். குழி விழுந்த சுவரில் எவ்வளவு நல்ல கப்பும் நிற்காது. எனவே முதலில் கழற்றுங்கள், பிறகு வாங்குங்கள். பிஸ்டனைப் பிடித்திருக்கும் வளையமான சர்கிளிப்பை எடுத்துப் பிஸ்டனை உருவி, உள்ளே துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர் வழவழப்பாக இருந்தால் கிட் போதும். புள்ளியோ கீறலோ தெரிந்தால் புதிய சிலிண்டர்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பிஸ்டன் ஓடும் துளை அகன்றுவிடும், இது உயிர் காக்கும் பாகம்.

புதிது வாங்கினால் துளையின் விட்டம் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். 12.7 மில்லிமீட்டருக்குப் பதில் 14 போட்டால், கை தரும் அதே அழுத்தத்துக்கு ஆயிலின் அழுத்தம் சுமார் 18 விழுக்காடு குறையும். லீவர் கெட்டியாக இருக்கும், பிரேக் மட்டும் குறைவாகப் பிடிக்கும். கிட்டில் இந்தக் கவலையே இல்லை.

எதைப் போட்டாலும் குழாய் இணைப்பில் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். ஆயில் தொட்டியின் மூடியில் குறித்துள்ள வகை ஆயிலையே ஊற்றுங்கள். ரப்பரில் பெட்ரோலோ கிரீஸோ படக்கூடாது, உப்பிவிடும். புதிய பிரேக் ஆயிலைத் தடவியே பொருத்த வேண்டும்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இந்த வேலையை நான் செய்ததில்லை. அதில் காற்றை வெளியேற்றும் முறை மாறக்கூடும். அந்த வண்டிக்கான சர்வீஸ் கையேட்டைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.