அகதிகள் பதிவு: காகிதமா, எக்செல்லா, கோபோவா, புரோக்ரஸா?

எல்லை தாண்டி வருகிறவர்களைப் பதிவு செய்ய எந்தக் கருவி நல்லது என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் வேகத்தில்தான் தொடங்கும். ஒரு மேசைக்கு ஒரு நாளில் எத்தனை குடும்பம்? டேப்லெட் என்றால் எவ்வளவு, காகிதம் என்றால் எவ்வளவு? இது தேவையான கேள்விதான். ஆனால் முதல் நாளில் எல்லாக் கருவியும் வேலை செய்யும். அதே குடும்பம் ஆறு மாதம் கழித்து மேசைக்கு வரும்போதுதான் சாயம் வெளுக்கும். நடுவில் ஒரு குழந்தை பிறந்திருக்கும், தாத்தா இறந்திருப்பார், மூத்த மகள் கல்யாணமாகி வேறு பகுதிக்குப் போயிருப்பாள், அட்டை தொலைந்திருக்கும். அந்தக் குடும்பத்தின் பழைய பதிவைத் தேடி எடுத்து, எதையும் கெடுக்காமல் திருத்த முடிகிறதா? என் முதல் அளவுகோல் இதுதான். இரண்டாவது, அந்தப் பட்டியல் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்பது.

காகிதத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதற்கு சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம், பயிற்சியும் அரை நாள் போதும். ஒரே இரவில் பல்லாயிரம் பேர் வந்து சேரும் நெருக்கடியில் யாரும் தனிநபர் வாரியாக விவரம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. குடும்பத் தலைவரின் பெயர், மொத்த உறுப்பினர்கள், வயது–பாலின வாரியாக எண்ணிக்கை, துணையில்லாத குழந்தையோ உடனடி மருத்துவம் தேவைப்படுபவரோ இருக்கிறார்களா, இவ்வளவுதான். இதற்கு வரிசை எண் முன்கூட்டியே அச்சடித்த படிவமும் அதே எண் கொண்ட டோக்கனும் போதும். எண்ணைக் கையால் எழுதவிட்டால் மட்டும் கதை கந்தல். இரண்டு மேசைகளில் ஒரே எண் விழும், அல்லது 1 என்று எழுதியதை 7 என்று படிப்பார்கள்.

தேடல்தான் காகிதத்தின் பலவீனம். அட்டை தொலைத்தவர் பெயரை மட்டும் சொல்லி நின்றால், கட்டுக்கட்டாகப் புரட்ட வேண்டும். ஆனால் லட்சம் பெயர்களை ஒரு பென் டிரைவில் போட்டு யாரும் எடுத்துப் போய்விட முடியாது என்பது காகிதத்துக்கு இருக்கும் ஒரு பாதுகாப்பு. சிக்கலான இடங்களில் இது சின்ன விஷயமில்லை.

அடுத்தது எக்செல். எல்லோருக்கும் தெரியும், எல்லாக் கணினியிலும் இருக்கிறது, அதுதான் ஆபத்தே. டோக்கன் எண் 00451 என்று தட்டினால், அந்தக் கட்டத்தை முன்பே எழுத்து வடிவமாக மாற்றி வைக்காத பட்சத்தில், 451 என்று நின்றுவிடும். அதை வேறு பட்டியலோடு பொருத்தும்போது அந்தக் குடும்பம் ‘இல்லை’ என்று வரும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். 16 இலக்க அடையாள எண்ணைத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், சத்தமே இல்லாமல். யாரோ ஒருவர் ஒரே ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திச் சேமித்தால், வயதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறிப்போகும். இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்று முடிவுகள் கணக்கில் ஏறாமல் போனதற்கு, பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காததுதான் காரணம். வசதியான ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கே அப்படி என்றால், ஜெனரேட்டரில் ஓடும் முகாம் அலுவலகத்துக்குக் கேட்கவா வேண்டும்?

இதைவிடப் பெரிய குறை, குடும்பம் என்பது ஒரு வரிக்குள் அடங்காது என்பது. ‘உறுப்பினர் 1, உறுப்பினர் 2’ என்று பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போனால், ஒன்பதாவது ஆள் வரும்போது பத்தி தீர்ந்துவிடும். ஆளுக்கொரு வரி வைத்தால், குடும்பம் பிரியும்போது யார் யாரோடு இருந்தார்கள் என்ற வரலாறு அழிந்துவிடும். அப்புறம் அந்த ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘புதிய இறுதி’ கோப்புகள். கணக்குப் பார்க்க, அறிக்கை எடுக்க எக்செல் நல்லது. பதிவேடாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

போனில் படிவம் நிரப்பி விவரம் சேகரிக்கும் கருவியான கோபோ டூல்பாக்ஸ் வந்த பிறகு சிறிய அமைப்புகளுக்கு மூச்சு வந்தது என்றே சொல்லலாம். ஹார்வர்டின் மனிதாபிமான ஆய்வுப் பிரிவில் வளர்ந்த இது, ஓ.டி.கே. என்ற திறந்த மூலக் கருவியின் மேல் கட்டப்பட்டது. ஆண்ட்ராய்டு போனில் நெட் இல்லாமலே படிவம் நிரப்பலாம், சிக்னல் கிடைத்ததும் அனுப்பலாம். வயது 140 என்று தட்டினால் ஏற்காதபடி விதி வைக்கலாம். ‘கர்ப்பிணியா’ என்ற கேள்வி ஆண்களுக்கு வராமல் மறைக்கலாம். வந்திறங்கும் முதல் வாரங்களுக்கு இதைவிடத் தோதானது குறைவு.

ஆனால் கோபோ பிறந்தது கணக்கெடுப்புக்காக. ஒவ்வொரு சமர்ப்பிப்பும் அந்த நேரத்து ஒரு புகைப்படம் மாதிரி. அதே குடும்பம் மறுபடி வந்தால், களப்பணியாளர் பெரும்பாலும் புதிதாக இன்னொரு படிவத்தைத்தான் நிரப்புவார். இரண்டு போன்களில் இரண்டு பேர் ஒரே ஆளைப் பதிந்தால், அதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலையை அது செய்யாது. நீங்கள்தான் பின்னால் உட்கார்ந்து பெயரை ஒப்பிட வேண்டும். முகமது என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வேலையின் கனம் புரியும்.

ஒரு நுணுக்கம், பலரும் இதில்தான் அடிபடுகிறார்கள். குடும்ப உறுப்பினர்களைத் திரும்பத் திரும்ப வரும் தொகுதியாக வைத்தால், தரவிறக்கும்போது இரண்டு ஷீட் வரும். ஒன்றில் குடும்பங்கள், மற்றதில் ஆட்கள். இரண்டையும் இணைப்பது ‘பேரன்ட் இண்டெக்ஸ்’ என்ற வெறும் வரிசை எண். அது அந்த ஒரு தரவிறக்கத்துக்குள் மட்டும்தான் செல்லும். சென்ற மாதக் கோப்பையும் இந்த மாதக் கோப்பையும் ஒன்றாக ஒட்டினால், இரண்டிலும் 17 என்ற எண் இருக்கும், ஒரு வீட்டுப் பிள்ளைகள் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் தானாக விழும் நீண்ட யு.யு.ஐ.டி. எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டும். டோக்கன் எண்ணையும் தட்டச் சொல்லாமல், பார்கோடாக ஸ்கேன் செய்ய வைப்பது இன்னும் நல்லது.

இப்போது பெரியவரிடம் வருவோம். ஐ.நா. அகதிகள் முகமையின் பதிவுத் தரவுத்தளமான புரோக்ரஸ் 2000களின் முதல் பாதியில் களத்துக்கு வந்தது. பழைய பதிப்புகள் அந்தந்த அலுவலக சர்வரில் தனித்தனியாக ஓடின. நான்காம் பதிப்பில்தான் எல்லாம் ஒரே மையத் தரவுத்தளத்துக்கு வந்தது. இப்போது அது பிரைம்ஸ் என்ற பெரிய தொகுப்பின் ஒரு பகுதி. நெட் இல்லாத இடத்தில் பதிய ராப், விரல்ரேகைக்கும் கருவிழிக்கும் பிம்ஸ், விநியோக வரிசைக்கு ஜி.டி.டி. என்று துணைக் கருவிகள் உண்டு.

முன்பு சொன்ன ‘ஆறு மாதம் கழித்து’ சோதனையில் இதுதான் முன்னால் நிற்கிறது. தனிநபருக்கு ஓர் எண், குடும்பத்துக்கு ஓர் எண். மகள் கல்யாணமாகிப் போனால், அவள் எண் மாறாமலே புதிய குடும்பத்தின் கீழ் மாற்றலாம். பழைய உறவும் பதிவில் நிற்கும். யார் எந்தத் தேதியில் என்ன திருத்தினார்கள் என்பதும் இருக்கும். பாலியல் வன்முறை தொடர்பான குறிப்பை, உணவு விநியோகம் பார்க்கிறவர் கண்ணில் படாமல் பூட்டி வைக்கலாம். எக்செல்லில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

குறை இல்லாமலா? இதை நீங்கள் தரவிறக்கி நிறுவிக்கொள்ள முடியாது. அது முகமையின் சொத்து. கூட்டாளி அமைப்பு என்றால், ஒப்பந்தப்படி உங்களுக்குத் தேவையான துண்டு மட்டும் கிடைக்கும், அதுவும் கேட்டுக் காத்திருந்து. அந்தக் காத்திருப்பில்தான் ஒவ்வொரு அமைப்பும் ‘தற்காலிகமாக’ சொந்தப் பட்டியல் ஒன்றைத் தொடங்குகிறது. அது தற்காலிகமாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. இன்னொன்று, எவ்வளவு நல்ல தரவுத்தளமும் உள்ளே போனதைத்தான் காட்டும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போடுவது உலகம் முழுக்க வழக்கம். ஆண்டும் உத்தேசம்தான். பதினெட்டு வயதுக்குக் கீழா மேலா என்பதில் பாதுகாப்பு உரிமைகளே தொங்கும்போது, ‘இது உத்தேசம்’ என்ற குறியை விட்டுவிட்டால் அந்தத் தேதி கல்வெட்டாகிவிடும்.

உலக உணவுத் திட்டத்தின் பயனாளிப் பதிவு அமைப்பான ஸ்கோப்பை இதன் போட்டியாளர் என்று சொல்ல மாட்டேன். நோக்கமே வேறு. அங்கே முக்கியம், யாருக்கு எவ்வளவு பொருள் அல்லது பணம் போய்ச் சேர்ந்தது என்பது. குடும்பம் என்பதையே இரண்டும் வேறு விதமாகப் பார்க்கும். சட்டப் பாதுகாப்புக்கு ரத்த உறவும் பொறுப்பும் முக்கியம், ரேஷனுக்கு ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள். இரண்டு பட்டியலின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று கூட்டத்தில் யாராவது அதிர்ச்சி காட்டினால், முதலில் இதைக் கேளுங்கள்.

சரி, விரல்ரேகை. உண்மையான போட்டி இங்கேதான் நடக்கிறது. பிம்ஸ் பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் என எல்லாவற்றையும் எடுத்து மையத்தில் வைக்கும். பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. உகாண்டாவில் எண்ணிக்கை ஊதிக் காட்டப்படுகிறது என்ற புகாருக்குப் பிறகு, 2018இல் அரசும் முகமையும் சேர்ந்து எல்லோரையும் மறுபடி சரிபார்த்தன. கணக்கில் சுமார் 14 லட்சம் இருந்தது. அக்டோபரில் முடிந்தபோது நேரில் வந்தவர்கள் சுமார் 11 லட்சம். மீதி அத்தனையும் மோசடி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர் திரும்பியவர்களும் வேறிடம் போனவர்களும் அதில் உண்டு. ஆனாலும் ரேகை இல்லாமல் அந்த இடைவெளி வெளியே தெரிந்திருக்காது.

மறுபக்கம் கென்யாவைப் பாருங்கள். வறட்சிக் காலத்தில் தடாப் முகாம் பக்கத்தில் வாழ்ந்த சோமாலி இனக் கென்யர்கள் பலர், உணவுக்காகவும் மருத்துவத்துக்காகவும் பிள்ளைகளை அகதிகளாகப் பதிந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தேசிய அடையாள அட்டை கேட்டபோது, ரேகை அகதிப் பட்டியலில் இருக்கிறது என்று மறுக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சொந்த நாட்டிலேயே குடிமக்களாக நிரூபிக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். காகிதப் பட்டியலில் இருந்த தவறாக இருந்தால் காலப்போக்கில் மங்கியிருக்கும். ரேகை மங்காது.

யார் கையில் பட்டியல் என்ற கேள்விக்கும் இங்கேதான் சூடு அதிகம். ரோஹிங்கியாக்களிடம் முகமை எடுத்த விவரங்களை வங்கதேச அரசு மியான்மரோடு பகிர்ந்தது என்றும், அதற்கு முறையான சம்மதம் பெறப்படவில்லை என்றும் 2021இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குற்றம்சாட்டியது. சம்மதம் கேட்டே செய்தோம் என்றது முகமை. யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களிடமே பட்டியல் போவது பற்றிய விவாதம் இது. யேமனில் 2019இல் ரேகைப் பதிவைச் சுற்றிய தகராறில், சனாவில் உணவு உதவியே ஒரு பகுதி நின்றது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அதே ஆண்டில் வேறு வழி எடுத்தது. உதவி விநியோகத்துக்கு ரேகை பயன்படுத்தினால் அது பயனாளியின் கையில் இருக்கும் அட்டையிலேயே இருக்கட்டும், மையத்தில் வைக்க மாட்டோம் என்றது. அட்டை வழியில் இரட்டைப் பதிவைப் பிடிக்க முடியாது, அட்டையிலுள்ள ஆள் இவர்தானா என்று மட்டும் பார்க்கலாம். பெரும்பாலான சிறு அமைப்புகளுக்கு அவ்வளவே தேவை, பலருக்கு அதுகூடத் தேவையில்லை. அதே குழுவின் சர்வரில் ஊடுருவல் நடந்து, பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பணியில் இருந்த 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் வெளியாரின் கைக்கு எட்டியது 2022 ஜனவரியில் தெரியவந்தது. இத்தனை கவனமாக இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், உங்கள் அலுவலக லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள்.

ஆக, எதை எடுப்பது? முகமையோ அரசோ ஏற்கெனவே பதிவு நடத்தும் இடத்தில் நீங்கள் தனிப் பதிவு தொடங்கவே வேண்டாம். அவர்கள் தந்த எண்ணை மட்டும் வாங்கி, உங்கள் சேவை விவரத்தை அதற்கு எதிரே வையுங்கள். யாரும் இல்லாத முதல் வாரங்கள் என்றால் கோபோ, குறைந்த கேள்விகள், அச்சடித்த டோக்கன், பக்கத்திலேயே அதே வரிசை எண் கொண்ட காகிதப் படிவம் ஒரு கட்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீளும், அதே குடும்பங்கள் திரும்பத் திரும்ப வரும் என்று தெரிந்தால், ஆட்களையும் உறவுகளையும் தனித்தனியாக வைக்கும் ஒரு தரவுத்தளத்துக்கு மாறியாக வேண்டும், அதைத் தள்ளிப்போட்டால் கோபோ சமர்ப்பிப்புகளே மலைபோல் குவியும். விரல்ரேகை எடுக்கச் சொல்லி நன்கொடையாளர் கேட்டால், எந்த மோசடியை அது தடுக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். விநியோகப் பட்டியலில் நடக்கும் கையாடலுக்கும் எடைக்குறைவுக்கும் ரேகை மருந்தல்ல. உழைத்துத் தேய்ந்த விரல்கள் இயந்திரத்தில் ஒத்துவராமல் நிற்கும் முதியவர்களுக்கு மாற்று வழி என்ன என்பதும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

எந்தக் கருவியானாலும் திட்டம் முடியும் தேதியை முதல் வாரமே குறித்து, அன்றைக்கு எந்த விவரம் யாரிடம் ஒப்படைக்கப்படும், எது அழிக்கப்படும் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கோபோ கணக்கின் கடவுச்சொல், பழைய டேப்லெட்டுகள், வேலையை விட்டுப் போனவர்களின் மின்னஞ்சலில் கிடக்கும் இணைப்புகள் எல்லாம் அந்தப் பக்கத்தில் வர வேண்டும்.