மல்லிச் செடி மஞ்சளாகிறதா? இலையைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து எடுத்து வைக்கும் கடையில் வாங்காதீர்கள்

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் பக்கத்தில் எங்கள் ஊர். இருபது சென்ட்டில் குண்டுமல்லி, சுமார் ஐந்நூறு செடி. கார்த்திகையில் கவாத்து பண்ணி, அதாவது கிளைகளை வெட்டிவிட்டால் பங்குனியில் பூ பிடித்துவிடும். விடியற்காலை நாலரை மணிக்கு அம்மா டார்ச்சோடு இறங்கிவிடுவார். நல்ல நாளில் நாலரைக் கிலோ மொட்டு கிடைக்கும், திருப்பாப்புலியூர் மண்டிக்குப் போகும். இந்த வருடம் அது எண்ணூறு கிராமுக்கு வந்து நின்றது. செடிக்கு வந்தது பெரிய நோயே இல்லை. மருந்துக்கடையை நம்பியதால் வந்த நஷ்டம். மல்லி, கனகாம்பரம் வைத்திருக்கிற யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பங்குனி இரண்டாவது வாரம், மொட்டு நன்றாகத் திரண்டு வரும் நேரத்தில், கொழுந்து இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் வாய்க்கால் ஓரத்து இரண்டு வரிசை மட்டும்தான். ஒரு வாரத்தில் பாதித் தோட்டம் எலுமிச்சை நிறத்துக்கு வந்துவிட்டது. ஆறு இலையைக் கவரில் போட்டுக்கொண்டு, நான் வழக்கமாக உரம் வாங்கும் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. இப்படிப் பல கடைகள் இருக்கின்றன.

கடைக்காரர் கவரை வாங்கி கல்லா மேல் வைத்தார். பிரிக்கவே இல்லை. "பூ டைம்ல இப்படித்தாண்ணே. சத்தெல்லாம் பூ இழுத்துக்கும், செடி மஞ்சளாயிடும். கூடவே வேர்லயும் பூஞ்சணம் இருக்கும், விட்டா பரவிடும்" என்றார். பேசிக்கொண்டே பூ பிடிக்கும் டானிக் ஒரு லிட்டர், பூஞ்சணக் கொல்லிப் பொடி ஒன்று, பூச்சி மருந்து ஒன்று என்று வரிசையாக எடுத்து வைத்தார். மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொன்னார். அதோடு அரை மூட்டை டிஏபி உரம். மொத்தம் 4,850 ரூபாய். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். சரி என்று வாங்கி வந்துவிட்டேன்.

அடித்த நான்காம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது. மொட்டுகள் காம்போடு உதிர்ந்து கிடந்தன, அம்மா முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து காட்டினார். கொழுந்தின் மஞ்சள் கொஞ்சமும் மாறவில்லை. திரும்பக் கடைக்குப் போனால், "டோஸ் பத்தலண்ணே, இன்னொரு தடவை கூட்டிக் குடுங்க" என்று இன்னொரு பாட்டிலை நீட்டினார். 1,900 ரூபாய். அதையும் வாங்கி அடித்தேன். முதல் தடவை ஏமாந்ததைவிட இந்த இரண்டாவது தடவைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் தோட்டம் போனது அதில்தான்.

அப்புறம்தான் விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போன் செய்தேன். இலை மட்டும் போதாது, ஒரு செடியை வேரோடு பிடுங்கி, வேர்மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வரச் சொன்னார்கள். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதையும். பஸ் ஏறிப் போனேன்.

அங்கே இருந்த மேடம் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "எந்த இலை முதல்ல மஞ்சளாச்சு, நுனியா அடியா?" கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை. நுனி என்றேன். ஒரு கொழுந்து இலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நரம்பெல்லாம் பச்சை, நரம்புக்கு நடுவில் மட்டும் மஞ்சள். பச்சை நூலில் பின்னிய வலை மாதிரி இருந்தது. வேரைக் கழுவிப் பார்த்தார். நூற்புழு முடிச்சு இல்லை, அழுகல் வாடை இல்லை. அட்டையில் மண்ணின் கார அமில நிலை 8.4 என்று இருந்தது, அதாவது காரமண். இரும்புச்சத்துக் குறைபாடு என்று சொல்லிவிட்டார்.

பூ நேரத்தில் தழைச்சத்தை மொட்டுக்கு அனுப்புவதால் செடி மஞ்சளாகும் என்பது பொய் இல்லை. ஆனால் செடி தழைச்சத்தை எடுப்பது கிழட்டு இலையிலிருந்து. அதனால் அந்த மஞ்சள் அடியில்தான் ஆரம்பிக்கும், இலை முழுக்க ஒரே சீராக வெளுக்கும். இரும்பு அப்படி இல்லை. ஒரு இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் சுலபமாக இன்னொரு இலைக்கு நகர்த்த முடியாது. வேரிலிருந்து புதிதாக வரவில்லை என்றால் கொழுந்துதான் பட்டினி கிடக்கும். காரமண்ணில் இரும்பு இருந்தும் கரையாது. நான் போர் தண்ணீரை வாய்க்காலில் தேங்கவிட்டது ஒரு காரணம். கடைக்காரர் போடச் சொன்ன டிஏபியில் உள்ள மணிச்சத்து, கரைந்திருந்த கொஞ்ச இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். காசு கொடுத்து நோயை வளர்த்திருக்கிறேன்.

அதற்கு மேடம் சொன்ன மருந்து அன்னபேதி. பெர்ரஸ் சல்பேட் என்று கேட்டாலும் கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம், அதோடு எலுமிச்சை உப்பு லிட்டருக்கு 1 கிராம். கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும், துருநிறத்துக்கு மாறிவிட்டால் கொட்டிவிட வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். ஆனால் உடனே தோட்டம் முழுக்க அடிக்கச் சொல்லவில்லை. "ஒரே ஒரு கிளையில தடவிட்டு ஒரு வாரம் பாருங்க. அது தேறினா மட்டும் மத்ததுக்கு அடிங்க" என்றார்.

பழைய பிரஷ்ஷால் ஒரு கிளைக்கு மட்டும் தடவினேன். எட்டாம் நாள் பார்த்தால், கரைசல் பட்ட இடமெல்லாம் பச்சைப் புள்ளி புள்ளியாக எழுந்திருந்தது. பக்கத்துக் கிளை அப்படியே மஞ்சள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் இலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். முழுத் தோட்டத்துக்கும் அடிக்க ஆன செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

எல்லா மஞ்சளும் இரும்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு எல்லாரும் அன்னபேதியைக் கரைத்து ஊற்றுவார்கள். அடி இலை சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, அல்லது வெறும் வயது. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. ஓரம் மட்டும் கருகினால் சாம்பல்சத்துக் குறைவையும் தண்ணீரின் உப்பையும் சந்தேகப்படலாம், கடலோரப் பக்கம் உப்பு சாதாரணம். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே ஊசி குத்தினாற்போல் புள்ளியும் இருந்தால் செஞ்சிலந்தி. மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு மஞ்சளானால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து அந்த டானிக் பாட்டிலை எடுத்துப் படித்தேன். பெரிய மல்லிப் படம், நூறு சதவீதம் இயற்கை என்று ஒரு வரி. பதிவு எண் எங்கேயும் இல்லை. விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினால் அடியில் காலாவதி தேதி, நான் வாங்குவதற்கு ஐந்து மாதம் முன்பே முடிந்திருந்தது. இந்த டானிக் வகைகளை 2021-ல்தான் 1985-ஆம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். பூச்சி மருந்து, பூஞ்சண மருந்துக்கு 1968-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, நச்சு அளவைக் காட்டும் வண்ண முக்கோணம் எல்லாம் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். கடையிலேயே திருப்பிப் பாருங்கள். பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். ஜிஎஸ்டி கதையை நம்பாதீர்கள், அச்சிட்ட விலையிலேயே வரி சேர்ந்துதான் இருக்கிறது.

வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பாட்டிலோடு மனு கொடுத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீஸில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுப்பேன். விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆனால் வாங்கியதற்கு அத்தாட்சியாக என் கையில் ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லை, அதனால் அங்கே என்னால் அழுத்திப் பேச முடியவில்லை. நடக்கிறவரை நடக்கட்டும் என்று விடப் போவதில்லை. அதே டானிக் வாங்கிய பக்கத்து ஊர்க்காரர் இரண்டு பேரைத் தேடிப் பிடித்திருக்கிறேன், அதில் ஒருவரிடம் பில் இருக்கிறது.

தீய்ந்த இலைகள் திரும்பவில்லை, அவற்றைக் கிள்ளிவிட்டோம். புதுத் துளிர் பச்சையாகவே வருகிறது. நேற்றுக் காலை அம்மா பறித்தது ஒன்றேகால் கிலோ.