பழையபேட்டை பிரியாணியும் இ.எஸ்.ஐ. அட்டையும்

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஹலால் பிரியாணிக் கடையில் சீரகச் சம்பா உதிரி உதிரியாக வரும், கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றுவிடும். கத்தரிக்காய்த் தொக்கில்தான் புளி தூக்கல். பாயிடம் சொல்லியாச்சு, சிரிப்பார், அவ்வளவுதான்.

கணக்கு எழுதுகிறவன் கண் கல்லாப் பக்கமும் போகும். மாஸ்டர் முதல் இலை எடுக்கும் பையன் வரை இ.எஸ்.ஐ. (வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர் அரசுக் காப்பீடு) உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் கட்ட வேண்டும். தம் திறக்கும்போது மாஸ்டருக்குக் கையில் ஆவி அடித்துவிட்டது. வைத்தியத்துக்கு அட்வான்ஸ் கேட்கவில்லை, ஆறியதும் அதே அடுப்புக்கு வந்துவிட்டார். மற்ற கடைகளில் மாஸ்டர் மாறினால் ருசியும் போச்சு. இங்கே கூட்டம் குறையாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை தாமதமாகப் போனால் மட்டன் கிடைக்காது.