அம்மாவுக்கு எது சரி: வீடு தேடி வரும் மருத்துவமா, ஆரம்ப சுகாதார நிலையமா?

உடம்பு எப்படி என்று கேட்டால் அப்பா "நல்லா இருக்கேன்" என்பார். அம்மா மூட்டுவலி, தலைசுற்றல் என்று ஆரம்பித்து "சரி, அதெல்லாம் போயிடும்" என்று அடுப்பு பக்கம் திரும்பிவிடுவார். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15-49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25தான், தலைசுற்றல் அதன் அறிகுறியாகவும் இருக்கலாம், அதனால் அதை லேசாக விடாதீர்கள்.

செலவு: இரண்டுமே இலவசம்.

நேரம்: தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வருவார். சுகாதார நிலையத்துக்கு அரை நாள், கூலி வேலை என்றால் அன்றைய சம்பளமும் போகும்.

பரிசோதனை: வீட்டில் பிரஷர், சுகர், அதற்கான மாத்திரை. சுகாதார நிலையத்தில் ரத்தசோகையைக் காட்டும் ஹீமோகுளோபின் பரிசோதனை, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் உண்டு.

மாத்திரை மட்டும் என்றால் வீடே போதும். களைப்பு, தலைசுற்றல் என்றால் நீங்கள் ஒரு நாள் லீவு போட்டுக் கூட்டிப்போங்கள், அன்றைக்குச் சமையலை அப்பா பார்க்கட்டும்.